கோடைப் புழுக்கத்தில் பென்ட்கிராஸ் கிரீன்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா போன்ற தென்மாநிலங்களில் ஜூலை, ஆகஸ்டில் பென்ட்கிராஸ் கிரீன்கள் (கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி, பென்ட்கிராஸ் என்ற மெல்லிய புல்லை ஒட்ட வெட்டி வளர்க்கும் பரப்புகள்) பல சமயம் தண்ணீர் மிஞ்சித்தான் சாகின்றன. குளிர்ப் பருவப் புல் இது. மண் சூடேறினால் வேர் குட்டையாகிவிடும். ஊறிக் கிடக்கும் மண்ணில் வேருக்குக் காற்றும் கிடைக்காது.

வெட்டும் உயரத்தை 3 மி.மீ.யிலிருந்து 3.5 அல்லது 4-க்கு ஏற்றுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் வெட்டாமல் உருளை மட்டும் ஓட்டுங்கள். பந்தின் வேகம் கொஞ்சம் குறையும்; குறையட்டும், புல் பிழைக்க வேண்டும்.

மதியம் புல் நீலச் சாம்பலாகி, மிதித்த தடம் எழும்பாமல் அப்படியே கிடந்தால் வாடத் தொடங்கிவிட்டது. கைக்குழாயால் இலை நனையும் அளவுக்கு மட்டும் தூவுங்கள். வேருக்கான நீரை விடியற்காலையில், ஈரமானி காட்டும் காய்ந்த திட்டுகளுக்கு மட்டும் விடுங்கள்.

2–3 வாரத்துக்கு ஒருமுறை வேருக்குக் காற்று போக, 6 மி.மீ. தடிமனுள்ள ஊசிக்கம்பியால் துளையிடுங்கள். நைட்ரஜனைத் திரவமாக, சதுர மீட்டருக்கு அரை கிராம், 10 நாளுக்கு ஒருமுறை கொடுங்கள்.

இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காதபோது பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமிக்குக் கொண்டாட்டம். விடிந்ததும் பாருங்கள்: எண்ணெய் தடவினாற்போல் கருத்த திட்டு, பனியோடு பஞ்சு போன்ற வெள்ளை இழை. கண்டால் அன்றே மெஃபனாக்சாம் போன்ற பூஞ்சைக்கொல்லி தெளியுங்கள். இலை காயும்வரை அங்கே வெட்டும் இயந்திரம் போகக் கூடாது. சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த கிரீனுக்கும் நோய் போய்விடும்.