மினியேச்சர் கழுதை வளர்ப்பு: முதலில் வைக்கோல், அப்புறம்தான் மற்றதெல்லாம்

சிசிலி, சார்டினியா தீவுகளில் மாவு அரைக்கவும் சுமை தூக்கவும் வைத்திருந்த சின்னக் கழுதைகளின் வழிவந்தவைதான் இந்த மினியேச்சர் கழுதைகள். தோள் உயரம் 36 அங்குலத்துக்குள்தான் இருக்கும். இங்கிலாந்து மழையிலும் கொழுத்த புல்லிலும் எப்படி வளர்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

படி 1: இரண்டாக வாங்குங்கள், அதுவும் ஏற்கெனவே சேர்ந்து வளர்ந்த ஜோடியாக. பாஸ்போர்ட்டும் (கழுதையின் அடையாள ஆவணம்) தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இங்கே சட்டப்படி கட்டாயம், அவை இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 2: கொட்டகை. குதிரை ரோமம் தாங்குகிற மழையைக் கழுதை ரோமம் தாங்காது. மூன்று பக்கச் சுவர், காய்ந்த தரை போதும்.

படி 3: தீனி. எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். கழுதை வறண்ட நிலத்து ஜீவன், பசும்புல் அதற்கு விருந்துச் சாப்பாடு மாதிரி, தினமும் போட்டால் உடம்பு பெருத்து, குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்கவே முடியாமல் போய்விடும். கோடையில் முக்கால் பங்கு பார்லி வைக்கோல், மீதி புல். குளிர்காலத்தில் பாதி வைக்கோல், பாதி உலர்புல். குதிரைத் தீவன மூட்டை, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். பிடரியில் ஒருமுறை சேர்ந்த கொழுப்பு இறுகிவிட்டால் மெலிந்த பிறகும் அப்படியே நிற்கும், அதனால் பிடரியைப் பார்க்காமல் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், லேசாக அழுத்தினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். உடம்பைச் சுற்றி அளந்து எடை காட்டும் குதிரைக்கான டேப்பை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், கழுதைக்குச் சரியாகக் காட்டாது.

குண்டாகிவிட்டது என்று திடீரெனப் பட்டினி போடுவது அதைவிட ஆபத்து. சாப்பாடு நின்றால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடித்துவிடும், உயிரே போகலாம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வலியை வெளியில் காட்டாத பிராணி என்பதால் தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கி நின்றாலே அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

படி 4: குளம்பைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சீவுங்கள். காலைப் பக்கவாட்டில் இழுக்காமல் உடம்புக்கு நேர் கீழே தாழ்வாகப் பிடியுங்கள். அது உதறும்போது காலை விட்டால், 'உதறினால் விட்டுவிடுவார்கள்' என்று கற்றுக்கொள்ளும். அடங்கி நிற்கும்போது விடுங்கள்.

பின்சேர்க்கை: கிழட்டுக் கழுதைக்கும் வைக்கோல்தானா என்று இருவர் கேட்டிருந்தார்கள். பல் தேய்ந்ததற்கு வேண்டவே வேண்டாம், மெல்ல முடியாமல் குடலில் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஊறவைத்த, சர்க்கரை குறைந்த நார்த்தீவனம் கொடுங்கள். அப்புறம், வைக்கோலைப் படுக்கையாகப் பரப்பினால் அதையும் தின்றுவிடும், ஆகவே கிழட்டுக் கழுதையின் கொட்டகையில் மரச்சீவல் போடுங்கள்.