திருநம்பியின் பேறுகாலம்: செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர் பஸ்ஸில் வந்திறங்கி, வயிற்றைப் பிடித்தபடி அவசரப் பிரிவுக்கு வரும் தாடிக்காரரைப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது கல்லடைப்பு அல்லது குடல்வால். அவர் திருநம்பியாக, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவராக இருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை. தவறுகளில் பெரியது இதுதான்.

2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்கச் சம்பவம் ஒன்று வெளியானது. கடும் வயிற்றுவலியோடு வந்த 32 வயதுத் திருநம்பி, தான் யார் என்பதையும் வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதையும் சொன்னார். ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. பருமனான ஆள், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர், அவசரமில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள். சில மணி நேரம் கழித்தே விஷயம் புரிந்தது. குழந்தை இறந்து பிறந்தது. அவர் மறைக்கவில்லை, கேட்டவர் காதில் அது ஏறவில்லை.

“ஹார்மோன் ஊசி போடுகிறார், மாதவிலக்கும் நின்றுவிட்டது, கரு எப்படித் தங்கும்?” என்பது அடுத்த தவறு. அந்த ஊசியில் இருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. மாதவிலக்கு வராதபோதும் கருமுட்டை வெளிப்படலாம். அந்த மருந்து சிசுவைப் பாதிக்கக்கூடியது என்பதால் கர்ப்பத்தில் தொடரக் கூடாது. கடைசி ஊசி எப்போது என்று கேட்டு, திட்டாமல் எழுதிக்கொண்டு, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆய்வகச் சீட்டில் ‘ஆண்’ என்றிருந்தால் அறிக்கையும் ஆணின் அளவுகளையே காட்டும். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் 1.2 ஆணுக்குச் சாதாரணம். கர்ப்பத்தில் அபாய மணி. ஹீமோகுளோபின் 11.5 ஆணுக்குக் குறைவு. கர்ப்பத்தில் ரத்தசோகைக் கோடு 11தான். சீட்டிலேயே ‘கர்ப்பம்’ என்று எழுதிவிடுங்கள்.

மதுரைப் பக்கம் வலியெடுத்தவர் எவரையும் ‘தாயி’ என்று வாஞ்சையோடு அழைப்போம். இவருக்கு அது வலியின் மேல் வலி. எப்படி அழைக்கட்டும் என்று ஒருமுறை கேட்டால் போதும். தமிழில் ‘அவர்’ என்ற சொல் ஆண், பெண் பார்ப்பதில்லை. உள்பரிசோதனைக்கு முன் திரையை இழுங்கள், பயிற்சி மாணவிகளை வெளியே அனுப்புங்கள், அனுமதி கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவருக்கு அந்த இடம் வறண்டு, மெலிந்து, தொட்டாலே வலிக்கலாம்.

பால் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் மிச்சத் திசுவில் மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டலாம். வலிக்கிறதென்று அவர் மார்பை இறுக்கிக் கட்டினால் சீழ்வரை போகலாம். தளர்வான உடையும் குளிர்ந்த ஒத்தடமும் கொடுத்துவிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.