உப்புக் காற்றில் போன்சாய்: நான் செய்த தப்புகளை நீங்களும் செய்யாதீர்கள்

ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் எங்கள் மொட்டை மாடியில் இப்போது 11 போன்சாய்த் தொட்டிகள், அதாவது ஆழமில்லாத தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரங்கள், இருக்கின்றன. செத்ததையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும், அதில் பாதிக்கு மேல் கொன்றது போர்வெல் தண்ணீர்தான். வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீரை மூன்று விரல் ஆழத் தொட்டியில் தினம் இரண்டு வேளை ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகியதும் "தாகம் போல" என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றியவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வையுங்கள். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வழிய வழிய விட்டு உப்பைக் கழுவ வேண்டும்.

கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளாதீர்கள், அதிலும் உப்பு. ஜப்பானில் அகடாமா என்ற மணிமணியான களிமண் போடுவார்கள். நமக்குச் செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, மிளகு அளவில் நிற்பதை எடுத்து ஆற்று மணலோடும் மக்கிய எருவோடும் கலந்தால் போதும்.

அப்புறம், படத்தில் பார்த்த ஜூனிபர் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம். வாங்காதீர்கள். அதற்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும், இங்கே மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது. ஆல், இச்சி, புளி, காகிதப்பூ இருக்கும்போது அது எதற்கு? தீவுகளிலிருந்து செடி பிடுங்கி வரும் ஆசையும் வேண்டாம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வழக்குதான் வளரும்.

கிளையை வளைக்கக் கம்பி கட்டுவதில் நான் பட்டது தனிக்கதை. கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அலுமினியக் கம்பி, 45 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் நம் வெயிலில் இச்சி தடிக்கிற வேகத்தை மறந்து, ஒன்றரை மாதம் ஊரில் இல்லாமல் திரும்பினால், கம்பி பட்டைக்குள் புதைந்து, கிளை திருகாணி மாதிரி நிற்கிறது. அதை வேறு பிரித்துச் சுற்றி எடுக்கப் பார்த்தேன், பட்டையும் சேர்ந்து உரிந்தது. கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். தழும்பு நாலு வருஷமாக அப்படியே இருக்கிறது.

விதிகளைப் பார்ப்போம். முதல் கிளை மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வரவேண்டும், தொட்டி ஆழம் அடிமரத் தடிமன் அளவு இருக்கவேண்டும் என்பார்கள். முதலாவதைக் கற்றுக்கொள்ளுங்கள், கண்ணுக்கு நல்ல பயிற்சி. இரண்டாவதைச் சித்திரை வெயிலில் அப்படியே பின்பற்றினால் வேர் வெந்துவிடும், நான் ஒன்றரை மடங்கு ஆழம் வைக்கிறேன். காற்றில் ஒருபக்கம் சாய்ந்த மரத்துக்கு ஜப்பானில் புகினாகாஷி என்று பெயர். புதிதாகச் செய்பவர்கள் அதில் ஒரு கிளையை மட்டும் எதிர்ப்பக்கம் விட்டு வைப்பார்கள். ராமேசுவரம் போகும்போது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தள்ளிய உடைமரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள், ஒரு கிளையாவது காற்றை எதிர்த்து நீண்டிருக்கிறதா என்று.