லிங்க்ட்இன்னில் சொந்தக் கணக்கும் கம்பனிப் பக்கமும்: சிறுதொழில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு நகரிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு கடைக்கு வழி கேட்டால், பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதைச் சொல்பவர்கள் குறைவு; "இன்னாருடைய கடையா?" என்று முதலாளியின் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். நம் பக்கத்தில் வியாபாரத்தின் மீதுள்ள நம்பிக்கை அந்த மனிதர் மீதுள்ள நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது. இது நல்ல வழக்கமே. ஆனால் அதே வழக்கத்தை யோசிக்காமல், தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னுக்குக் கொண்டுபோகும்போது, ஆள் எங்கே முடிகிறார், தொழில் எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவருக்குப் புரியாமல் போகிறது. சிறுதொழில் செய்யும் பலருக்கு இந்தக் கணக்குகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவன் என்ற முறையில், நான் திரும்பத் திரும்பக் காணும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு பொதுமக்கள் பாவனைக்கு வந்து, 2016இல் மைக்ரோசொப்ட் வாங்கிய லிங்க்ட்இன், பேஸ்புக்கைப் போல அயலவரும் உறவினரும் கூடும் இடமன்று. ஒரு சேலையோ ஒரு கிலோ கஜுவோ வாங்குபவர் உங்களை அங்கே தேடமாட்டார். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் உள்ள ஹோட்டல்களுக்குப் பொருள் கொள்முதல் செய்பவர், கொழும்பில் ஏற்றுமதி செய்பவர், வெளிநாட்டிலிருந்து முதலீடு செய்ய யோசிக்கும் நம்மவர் ஆகியோரே தேடுவார்கள். அவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பார்க்கிறார்கள்: தொழில் உண்மையில் இருக்கிறதா என்று கம்பனிப் பக்கத்தையும், அதை நடத்துபவர் எப்படிப்பட்டவர் என்று அவரது சொந்தக் கணக்கையும்.

முதல் தவறு, கடையின் பெயரில் ஒரு தனிமனிதக் கணக்கைத் திறப்பது. முதற்பெயர் என்ற இடத்தில் கடையின் பெயரில் பாதியையும், குடும்பப்பெயர் என்ற இடத்தில் "டிரேடர்ஸ்" என்பதையும் எழுதி, இலச்சினையை முகப்படமாக இட்ட கணக்குகள் இன்றும் ஏராளமாக உள்ளன. லிங்க்ட்இன்னின் விதிப்படி தனிக்கணக்கு உண்மையான மனிதரின் உண்மைப் பெயரில் இருக்க வேண்டும். மீறினால் எந்த நாளிலும் அது முடக்கப்படலாம். கம்பனிப் பக்கத்தால் தொடர்பு அழைப்பு அனுப்ப முடியாது, ஆட்கள்தாம் அதைப் பின்தொடர வேண்டும் என்பதால், அழைப்பு அனுப்பும் வசதிக்காகவே பலர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் அவ்வாறு சேர்த்த தொடர்புகளைப் பின்னர் பக்கத்தின் பின்தொடர்வோராக அப்படியே மாற்றிக்கொள்ள வழியில்லை. இரண்டு வருட உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

அடுத்தது, என் மனத்தை அதிகம் வருத்தும் தவறு: பக்கத்தின் நிர்வாகத்தை ஒரே ஆளிடம் விடுவது. மருதமுனையில் கைத்தறி நெசவு செய்யும் ஒரு குடும்பத்தினர் என்னை அழைத்து, தங்கள் பக்கத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தை மாற்றித் தரும்படி கேட்டார்கள். "பக்கத்தின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?" என்று அந்த அம்மா தன் மகளைக் கேட்டார். லிங்க்ட்இன்னில் கம்பனிப் பக்கத்துக்கென்று தனியாகப் பாஸ்வேர்ட் கிடையாது. அதன் நிர்வாகியாகச் சேர்க்கப்பட்டவர் தமது சொந்தக் கணக்கின் வழியாகவே அதற்குள் நுழைகிறார். அந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்த உறவுக்கார இளைஞர் ஒருவர் மட்டுமே நிர்வாகி. அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய், பழைய மின்னஞ்சலையும் இலக்கத்தையும் கைவிட்டிருந்தார். நிர்வாக அனுமதி கோரும் வசதியை மகளின் கணக்கிலிருந்து முயன்று பார்த்தோம். அந்தக் கோரிக்கையும் இருக்கின்ற நிர்வாகிக்கே, அதாவது எவரும் திறந்து பார்க்காத அதே கணக்குக்கே போயிற்று. பக்கத்திலிருந்த இலக்கத்துக்கு நான் அழைத்தபோது, அந்தத் தொழிலோடு எந்தத் தொடர்புமில்லாத ஒருவர் பேசினார். அதுவரை எத்தனை பேர் அந்த இலக்கத்தை அழைத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கியிருப்பார்கள் என்பதை அறிய வழியே இல்லை. முடிவில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தோம்.

அந்த இளைஞர் மீது எனக்குக் குறையில்லை. அவர் பணம் வாங்காமல், நல்ல மனத்தோடுதான் செய்து கொடுத்தார். பக்கம் திறக்கப்படும் அன்றே முதலாளியும், அவர் நம்பும் இன்னொருவரும் முழு அதிகாரமுள்ள நிர்வாகிகளாகச் சேர்க்கப்பட வேண்டும். கணினி தெரியாத முதலாளியாக இருந்தாலும் அவருடைய பெயரில் ஒரு கணக்கு இருந்தே ஆக வேண்டும். வெளியாள் எவருக்காவது பதிவிடும் வேலையைக் கொடுத்தால், பதிவிட மட்டும் அனுமதிக்கும் குறைந்த நிலையைக் கொடுத்தாலே போதுமானது. முதலாளி தமது சொந்தப் பாஸ்வேர்டை அவரிடம் ஒப்படைக்கவே கூடாது. கடைச் சாவியை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போகாதவர்கள், இந்த விடயத்தில் மட்டும் அப்படிச் செய்கிறார்கள்.

சிறிய தவறொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக் கணக்கின் அனுபவப் பகுதியில் கம்பனியின் பெயரைத் தட்டச்சு செய்தால் கீழே ஒரு பட்டியல் விரியும். அதிலிருந்து உங்கள் பக்கத்தைத் தெரிவு செய்யாமல் பெயரை எழுதிவிட்டு மட்டும் போனால், இலச்சினை வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டடப் படம் ஒன்றே நிற்கும். அதை அழுத்தினாலும் பக்கம் திறக்காது. திருத்த இரண்டு நிமிடம் போதும்.

ஒரே பதிவை இரண்டு இடத்திலும் ஒட்டுவது எல்லாரும் செய்வது. நேரமில்லை என்பது உண்மையான காரணம்தான், ஆனாலும் அதனால் இரண்டு இடமும் உயிரிழக்கின்றன. பக்கம் ஆவணமாக நிற்க வேண்டும். பேச வேண்டியவர் ஆள். அந்த நெசவுத் தொழிலையே எடுத்துக்கொண்டால், பக்கத்தில் இப்படி எழுதலாம்: "பருத்திக் கைத்தறி மேசை விரிப்பு. அகலம் 60 அங்குலம், நீளம் 90 அங்குலம். குறைந்தது 50 விரிப்புகளுக்கான ஓடர் ஏற்கப்படும். தயாரிக்க மூன்று வாரம்." கொள்முதல் அதிகாரி தமது மேலாளருக்கு அனுப்பக்கூடிய செய்தி இது. முதலாளியின் கணக்கில் அதே விரிப்பைப் பற்றி வேறொன்று எழுதலாம்: "புதிதாக வந்த நூலில் ஒரு சிட்டத்தைச் சுடுநீரில் ஊறவைத்தபோது தண்ணீர் நீலமாகிவிட்டது. பாவு, அதாவது தறியின் நெடுக்கு நூல், ஓட்டிய பிறகு இதைக் கண்டிருந்தால் முழுப் பாவும் வீணாகியிருக்கும். இனி எந்த நூல்கட்டையும் இப்படிச் சோதிக்காமல் தறியில் ஏற்றுவதில்லை." இதைப் பக்கம் சொன்னால் விளம்பரமாகத் தோன்றும், தறியருகே நின்றவர் சொன்னால் அவரை நம்பத் தோன்றும். என் அனுபவத்தில் மனிதர் எழுதும் பதிவே அதிகம் பேரைச் சென்றடைகிறது. அதைப் படித்துவிட்டு விலை தேடி வருபவர் வந்து நிற்கும் இடமே பக்கம்.

அப்படியானால் முதலாளியின் கணக்கு மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. முதலாளி நோயில் விழுந்தாலும், தொழிலை மகளிடம் ஒப்படைத்தாலும், பங்காளிகள் பிரிந்தாலும், அவரது கணக்கும் அதிலுள்ள தொடர்புகளும் அவருடையவை, தொழிலோடு கைமாறாது. விலைமனுவுடன் கொடுக்கும் முகவரி, பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயர், ஊழியர் விவரம் ஆகியவை பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள பெயரும் பதிவுச் சான்றிதழிலுள்ள பெயரும் ஒன்றாக இருப்பதைக் கட்டாயம் பாருங்கள். வங்கியும் பெரிய நிறுவனங்களும் அதை ஒப்பிட்டுப் பார்க்கும்.

சொந்தக் கணக்கு என்பதால் எதையும் எழுதலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. கோயில் திருவிழாவோ பெருநாள் வாழ்த்தோ எவரையும் புண்படுத்தாது. ஆனால் தேர்தல் காலத்துக் கோபத்தையும், இனத்தையும் ஊரையும் இழுத்துப் பேசும் பேச்சையும் அங்கே கொட்டினால், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் வாங்கி விற்கும் நம் மாவட்டங்களில் அதன் பாரம் தறியில் இருப்பவரின் கூலியில் விழும்.

நிர்வாகியாக இருப்பவர் பின்னூட்டம் எழுதும்போது, தமது பெயரிலா பக்கத்தின் பெயரிலா எழுதுகிறார் என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தாமதமான ஓடரைப் பற்றி ஒருவர் குறை சொன்னால், பக்கத்தின் பெயரில் நின்று, நடந்ததை ஒப்புக்கொண்டு, திகதி சொல்லிப் பதில் எழுதுவதே முறை. சொந்தப் பெயரில் போய் வாதாடினால் அது தெருச்சண்டையாகிவிடும். தம் பொருளைத் தாமே வாடிக்கையாளர் போலப் புகழ்ந்து எழுதுவது அதைவிடக் கேடானது, அது பொய்.

ஊழியர்களின் கணக்குகளும் முதலாளியுடையவை அல்ல. பதிவைப் பகிரும்படி கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. படம் எடுப்பதிலும் இதே கண்ணியம் வேண்டும். மருதமுனையில் புதிய பக்கத்தை அமைத்த அன்று, தறியில் இருந்த ஒரு பெண்ணிடம் படம் எடுக்கலாமா என்று அந்த மகள் கேட்டார். முகம் வேண்டாம், கையையும் தறியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். பக்கத்தின் தலைப்புப் படத்துக்கான இடம், உயரத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு அகலமான ஒடுங்கிய பட்டை. அதில் ஒரு முகம் சரியாக அமைந்திருக்காது. இறுக்கி இழுத்த பாவும், குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைப் பிடித்த அந்தக் கையும் ஓரத்துக்கு ஓரம் அளவாகப் பொருந்தின.