ஐப்பசியில் ஆட்டுப் பண்ணை: பிள்ளைகளோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தீபாவளி முடிந்து வரும் முதல் சனிக்கிழமை, மலேசியாவின் பினாங்கில், பெருநிலப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தைத் தாண்டித் தீவிலுள்ள பாலிக் பூலாவ் ஆட்டுப் பண்ணைக்கு எங்கள் குடும்பம் போகும். இரண்டு காடி (கார்), சில வருடம் மூன்று. நாத்தனார் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், என் பிள்ளைகள். யார் மடியிலாவது ஒரு கைக்குழந்தை எப்படியும் இருக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம் இது. இப்போதெல்லாம் பண்ணை வாசலில் வந்து இறங்கும் இளம் தம்பதிகளைப் பார்த்தாலே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிடுகிறது. அத்தனையும் நான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவைதான்.

தொப்பி, மாற்றுத் துணி, கொசு மருந்து பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அது தெரியும்.

பத்து மணிக்குக் கிளம்புவது

ஐப்பசி அடைமழை என்பது தமிழ்நாட்டுக் கணக்கு என்றாலும், பினாங்குக்கும் அது பொருந்தித்தான் போகிறது. வருடத்தில் இங்கே அதிகம் மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துவிடும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பிடித்த மழையில் தீவும் பெருநிலமும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் தீபாவளி கழிந்து இரண்டே வாரத்தில்.

ஏழு மணிக்குக் காடி கிளம்பிவிட வேண்டும். கதவு திறக்கும்போது பண்ணை வாசலில் நிற்க வேண்டும், பதினொன்றரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும். 'பிள்ளை தூங்கி எழட்டும்' என்று காத்திருந்தால் ஆட்டுக் கொட்டகைத் தகரத்தின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்று, ஆடும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மலைச்சாலைக்கு முன் மைலோ பால்

பாலிக் பூலாவ் என்றாலே தீவின் பின்பக்கம் என்று பொருள். பாயா தெருபோங் வழி வந்தாலும், தெலுக் கும்பார் வழி வந்தாலும், தெலுக் பஹாங் வழி வந்தாலும் மலை ஏறி இறங்காமல் அங்கே போய்ச் சேர முடியாது. துன் சார்டோன் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பால் குடித்த வயிறு என்ன செய்யும் என்பதை என் தம்பியின் காடி இருக்கை அறியும். காய்ந்த ரொட்டி, கொஞ்சம் தண்ணீர், பெரிய பிள்ளைகளுக்கு வாயில் அடக்கிக்கொள்ள ஆசாம் போய் என்ற புளிப்பு உலர்பழம். மைலோ போய்ச் சேர்ந்த பிறகு.

கிருமிநாசினி ஜெல் தடவிவிட்டு முறுக்கை எடுத்துக் கொடுப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் சின்னவனுக்கு அப்போது மூன்றரை வயது. ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் ஊட்டினான், தழை கொடுத்தான். குட்டி அவன் விரல்களையும் சேர்த்துச் சப்பியது. எல்லாரும் போட்டோ எடுத்தோம். வெளியே வந்ததும் பையிலிருந்து ஜெல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன். பொறுப்பான தாய் என்று எனக்கே என்மேல் ஒரு திருப்தி. அப்புறம் தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டின்னைத் திறந்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு. தண்ணீராகப் போனது. பண்ணைக்குப் போனது யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. மாமியார் அதிரசத்தைக் குறை சொன்னார். நான் எண்ணெயைக் குறை சொன்னேன். பக்கத்து வீட்டம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மூன்றாம் நாள் பிள்ளையின் கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல் போனபோதுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடந்த பத்து நாளில் ஆடு, மாடு ஏதாவது தொட்டானா?"

மலத்தைச் சோதித்ததில் கிரிப்டோஸ்போரிடியம் என்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. கன்று, குட்டிகளிடம் இது சாதாரணம். குட்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துள்ளும், ஆனால் அதன் சாணத்தில் இது இருக்கும். இந்த ஒட்டுண்ணிக்குக் கெட்டியான ஓடு உண்டு, ஆல்கஹால் அதைத் துளைக்காது. அதாவது ஜெல்லை எத்தனை சொட்டு விட்டாலும் அது பாட்டுக்குக் கையில் இருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவி அகற்றினால்தான் போகும். போதாததற்கு மண்ணும் பிசுக்கும் படிந்த கையில் ஜெல் மற்ற கிருமிகளிடமும் சரியாக வேலை செய்யாது. உடனே காய்ச்சல் வந்தால் காரணம் புரியும். இது சராசரியாக ஒரு வாரம் கழித்துத் தலைகாட்டுவதால்தான் பழி அதிரசத்தின்மேல் விழுகிறது.

ஆறு நாள் வார்டில் இருந்தோம். அதற்குள் மகளுக்கும் ஆரம்பித்துவிட்டது. ஒரே வீடு, ஒரே கழிப்பறை. என் வருடாந்திர விடுப்பு போயிற்று, காசு எவ்வளவு போயிற்று என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். எங்களுக்கு வந்தது இதுதான் என்பதே அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். ஆடு மாடுகளிடமிருந்து வரும் இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வகை சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள்தான் இதிலெல்லாம் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்கள் கைதான் எப்போதும் வாய்க்குள் இருக்கிறது.

போன தீபாவளிக்குப் போனபோது ஒரு இளம் ஜோடி. கைக்குழந்தையின் சூப்பான் கொட்டகைத் தரையில் விழுந்தது. அம்மா அதை ஈர டிஷ்யூவால் துடைத்துத் திரும்ப வாயில் வைக்கப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை, போய்ச் சொன்னேன். அவருடைய கணவர் சிரித்துக்கொண்டே, "ஜெல் இருக்கு ஆண்டி, 99.9 சதவீதம் செத்துடும்னு போட்டிருக்கான் லா" என்றார். ஆண்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த எண்ணைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கணக்கில் கிரிப்டோஸ்போரிடியம் சேர்த்தியே இல்லை. புட்டியில் அதையும் சேர்த்து எழுதினால் என்ன?

நாங்கள் இப்போது செய்வது இது. காடியின் பின்பக்கம் குழாய் வைத்த தண்ணீர்க் கேன் ஒன்று. வெங்காயம் வரும் வலைப்பையில் ஒரு சோப்புக்கட்டியைப் போட்டு அந்தக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கொட்டகையிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளையும் முழங்கைவரை நுரை போட்டு, நகத்தடி தேய்த்து, ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணிவிட்டுத்தான் கழுவ வேண்டும். வேகமாக எண்ணுகிறவர்கள் மறுபடி எண்ண வேண்டும். கொட்டகைக்குள் போட்டிருந்த சிலிப்பரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுவோம். சூப்பான், பால் புட்டி, தள்ளுவண்டி எதுவும் உள்ளே போகாது. தின்பண்டம் எல்லாம் காடிக்குள் பூட்டியிருக்கும், கை கழுவியதை நான் பார்த்த பிறகுதான் சாவி. என் தம்பி மனைவிக்கு இது ரொம்ப ஓவர்தான். சொல்லிக்கொள்ளட்டும்.

பண்ணையிலேயே குழாயும் சோப்பும் இருந்தால் மிக நல்லது. உள்ளே போகுமுன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சாத ஆட்டுப்பால்

வேண்டாம். 'எங்க பாட்டி குடிச்சாங்க' என்றாலும் வேண்டாம்.

டுரியான் கேட்டு நச்சரிப்பது

டுரியானின் முக்கியப் பருவம் ஜூன், ஜூலை. ஐப்பசியில் போய் மரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். பருவத்திலேயே போனாலும் பிள்ளைகளை மரத்தடியில் ஓட விடாதீர்கள். நம் நாட்டில் பழத்தை அறுப்பதில்லை, பழுத்துத் தானாக விழும். யார் தலை என்று அது பார்க்காது.

ஒரே நாளில் நாலு இடம்

முதல் வருடம் பெரிய பட்டியலே போட்டேன். ஆட்டுப் பண்ணை, பழத்தோட்டம், தெலுக் பஹாங்கில் பட்டாம்பூச்சிப் பூங்கா, சாயங்காலம் பத்து பெரிங்கி கடற்கரை. மூன்றாவது இடத்துக்குள் நுழையும்போது இரண்டு பிள்ளைகள் தூக்கம், ஒன்று அழுகை, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. டிக்கெட் காசு போனது போனதுதான்.

இப்போது ஒரு பண்ணை, ஒரு சாப்பாடு. பாலிக் பூலாவ் லக்சா (மீன்சாற்று நூடுல்ஸ்) பெரியவர்களுக்கு. உறைப்பு ஆகாத சின்னவர்களுக்கு வீட்டிலிருந்து கட்டிய தயிர்ச்சோறு, தொண்டைக்கு ஜாதிக்காய்த் தண்ணீர்.

ஒரு வருடம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, சாலையோர ஜாதிக்காய் மரத்தடியில் பழங்கள் கிடந்தன. மஞ்சளாக, சின்னக் கொய்யா அளவு, தானாகவே இரண்டாக வெடித்து. மாமியார் குனிந்து ஒன்றை எடுத்துப் பிளந்து காட்டினார். உள்ளே கருப்பாகப் பளபளக்கும் ஒரு கொட்டை, அதன்மேல் விரல்விட்டுப் பிடித்தமாதிரி ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி. "இதுக்குள்ளே இருக்கிறதைத்தான் கல்லுல உரசி உனக்கு நாக்குல தடவினேன்" என்றார் என் மகளிடம். சின்னவன் கிட்டே வந்து பார்த்து, "பாட்டி, இது சிவப்புச் சட்டை போட்டிருக்கு" என்றான். அரை மணி நேரம் எல்லாப் பிள்ளைகளும் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை. ஆட்டைவிட அதைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

மழை பிடிப்பதற்குள் மலையைத் தாண்டிவிட்டோம். கொட்டை காடியின் முன்தட்டிலேயே கிடந்து வாரக்கணக்கில் காய்ந்தது. அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.