தட்டில் அடங்கிய அழற்சி நெஞ்சில் அடங்குமா?

'மஞ்சள் மூச்சுக்குழாய் அழற்சியைக் குறைக்கிறது, ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று ஒரு செய்தி வந்தால் படித்த கையோடு நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த ஆராய்ச்சி எதில் நடந்தது என்று பார்ப்பதில்லை, முதல் தவறு அதுதான். பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்திருக்கும். அதிகம் பயன்படும் ஏ549 செல்கள் 1972-ல் ஒரு நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை. நம் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் இவற்றுக்குக் கிடையாது. மனித மூச்சுக்குழாய் செல்களை மேற்பக்கம் காற்றுப் படும்படி வாரக்கணக்கில் வளர்த்துச் செய்த ஆய்வு என்றால் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

அடுத்தது அளவு. என்னைக் கேட்டால் இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். தட்டில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை 10, 20 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) என்று ஊற்றுவார்கள், இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சிப் பொருள்கள் குறையும், சரி. ஆனால் 2001-ல் வெளியான ஒரு மனித ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூட உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அப்படியென்றால் அந்த 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் தூள் வேண்டும்! வயிற்றுக்குள் போனதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிடுகிறது, நுரையீரல் வரை போய்ச் சேருவது சொற்பம்.

ஆய்வுக் கட்டுரையையே எடுத்துப் படிப்பவர்களும் மாணவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செத்துக்கொண்டிருக்கும் செல்லும் இன்டர்லூக்கினைக் குறைவாகத்தான் சுரக்கும், அதைப் பார்த்து 'அழற்சி குறைந்தது' என்று எழுதிவிடக் கூடாது. செல்கள் உயிரோடு இருந்தனவா என்று பார்க்க எம்டிடி சோதனை (உயிருள்ள செல் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குகிறதா என்று பார்ப்பது) மட்டும் போதாது, ஏனென்றால் சில மூலிகைச் சாறுகள் செல்லே இல்லாமல் அந்தச் சாயத்தை நேரடியாக ஊதா நிறமாக்கிவிடும். தட்டில் செல் இல்லாத குழியிலும் சாற்றை விட்டுப் பார்த்தார்களா, சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தார்களா, டெக்சாமெத்தசோன் போன்ற, அழற்சியைக் குறைக்கும் என்று தெரிந்த மருந்தோடு ஒப்பிட்டார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் முடிவை ஓரமாக வையுங்கள்.

இதற்காக மூலிகை எல்லாம் பொய் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆனால் அது வேதியியலில் மாற்றி, அளவு குறித்து, மனிதர்களிடம் சோதித்து வந்த மருந்து, இலைச்சாறும் அதுவும் ஒன்றல்ல.

அப்புறம், உயிருக்கே உலை வைக்கும் தவறு: இப்படி ஒரு செய்தியை நம்பி ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துவது. நிறுத்திய மறுநாளே மூச்சு முட்டாது, அதனால் மூலிகை வேலை செய்கிறது என்று தோன்றும், உள்ளே அழற்சி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். மூலிகை எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், இன்ஹேலரை விடாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல், மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் மீட்பு இன்ஹேலரை இழுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.