மெயின் படத்துக்கு முன்னால் ஓடியவை: ஹாலிவுட்டின் பழைய குறும்படங்களைப் பார்ப்பவர்களும் எழுதுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூனைப் பற்றி எழுதினேன். தொடக்கத்தில் படத்தின் பெயர் மட்டும்தான் வந்தது. இயக்கியவர், வரைந்தவர், கதை எழுதியவர் யார் பெயரும் இல்லை. “அந்தக் காலத்தில் கார்ட்டூன்காரர்களுக்கு இருந்த மரியாதை இவ்வளவுதான்” என்று இரண்டு பத்திக்குப் பொங்கியிருந்தேன். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் படித்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: “நீங்க பாத்தது புளூ ரிப்பன் பிரிண்ட் சார்.”

1943 முதல் வார்னர் தன் பழைய வண்ணக் கார்ட்டூன்களைத் தூசி தட்டி மறுபடியும் தியேட்டர்களுக்கு அனுப்பியது. அந்த மறுவெளியீடுகளுக்குத்தான் புளூ ரிப்பன் என்று பெயர். பழைய டைட்டில் கார்டுகளை வெட்டி எடுத்துவிட்டு, நீல ரிப்பன் போட்ட புது டைட்டிலை ஒட்டினார்கள். நெகட்டிவிலேயே கத்தரி வைத்துவிட்டதால், பல படங்களுக்கு அசல் டைட்டில் இன்றுவரை கிடைக்கவில்லை. முதல் தடவை தியேட்டருக்கு வந்தபோது பெயர்கள் இருந்தன. பின்னால் வெட்டப்பட்ட பிரிண்டைப் பார்த்துவிட்டு நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

1920களின் நடுவிலிருந்து 1950களின் நடுவரை ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தயாரித்த குறும்படங்களைப் பற்றி எழுதும்போது நேரும் சறுக்கல்களில் பாதி இந்த ரகம்தான். நம் கைக்கு வந்திருக்கும் பிரதி எது, அது எப்போது, எதற்காக, எதன் பக்கத்தில் ஓடியது என்று கேட்காமலே பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

வரிசையாகப் பத்து படம் பார்ப்பது

த்ரீ ஸ்டூஜஸ் என்ற மூவர் நகைச்சுவைக் குழுவின் படங்களை யூடியூபில் ஒரே மூச்சில் பத்து படம் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒன்றுதானே, கன்னத்தில் அறை, கண்ணில் குத்து” என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொலம்பியா நிறுவனம் 1934 முதல் 1959 வரை அவர்களை வைத்து 190 குறும்படங்களை வெளியிட்டது. வருடத்துக்கு ஏறக்குறைய எட்டு. அன்றைய ரசிகர் ஒன்றைப் பார்த்து ஆறேழு வாரம் கழித்துத்தான் அடுத்ததைப் பார்த்திருப்பார். அதுவும் தனியாக இல்லை. ஒரு நியூஸ் ரீல், ஒரு கார்ட்டூன், அடுத்த வாரப் படத்தின் டிரெய்லர் இவற்றுக்கு நடுவில், மெயின் படத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில். ஊறுகாயைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உப்பு அதிகம் என்றால் எப்படி?

இந்த ஸ்டூஜஸ் படங்களில் இன்னொரு குழியும் உண்டு. மூவரில் ஒருவரான ஷெம்ப் ஹோவர்ட் 1955 நவம்பரில் இறந்தார். ஆனால் 1956இல் வெளியான படங்களிலும் அவர் இருக்கிறார். அவற்றில் நான்கு, அவர் போனபிறகு எடுத்தவை. பழைய படங்களிலிருந்து அவர் வரும் காட்சிகளை எடுத்துப் போட்டு, இடைவெளி விழுந்த இடங்களில் ஜோ பால்மா என்ற நடிகரை நிறுத்தினார்கள். பால்மாவைக் கவனித்துப் பாருங்கள்: முதுகைக் காட்டியே நிற்பார், இல்லாவிட்டால் முகத்தை எதற்காவது பின்னால் மறைத்துக்கொள்வார். தயாரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போனது, இரண்டு ரீல் படத்துக்குத் தியேட்டர் தரும் வாடகை மட்டும் ஏறவில்லை. பழைய காட்சிகளையே திரும்பப் பயன்படுத்துவது அதற்குள் கொலம்பியாவில் வழக்கமாகியிருந்தது. அதனால் வெளியீட்டு வருடத்தை வைத்து, “இந்த வயதில் இப்படி நடித்தார்” என்று எழுதும் முன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஓசியில் கிடைத்த துணுக்கு என்று நினைப்பது

இவை டிக்கெட்டோடு இலவச இணைப்பாக வந்தவை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பார்வையாளருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். தியேட்டர்காரருக்கு அப்படி இல்லை; ஒவ்வொன்றுக்கும் வாடகை கட்டினார். ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் கூடவே டீத்தூளையும் உப்பையும் தலையில் கட்டுவார்களே, அதே கதைதான். பெரிய நட்சத்திரத்தின் படம் வேண்டுமானால், அதே கம்பெனியின் குறும்படங்களையும் நியூஸ் ரீலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று, ஸ்டூடியோக்களுக்குச் சொந்தமில்லாத தனித் தியேட்டர்களை நெருக்கினார்கள். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1940இல் பெரிய ஸ்டூடியோக்கள் ஒப்புக்கொண்ட சமரச ஆணையில், இப்படிக் குறும்படங்களைத் திணிக்கக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. அதே வழக்குதான் 1948இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஸ்டூடியோக்கள் தங்கள் தியேட்டர்களையே விட்டுவிட வேண்டிய நிலையில் முடிந்தது.

குறும்படத்தைத் தொலைக்காட்சி கொன்றது என்று எழுதுவதும் அரைகுறைதான். கழுத்தில் முதலில் கை வைத்தது ஒரே டிக்கெட்டில் இரண்டு முழுநீளப் படம் காட்டும் பழக்கம். 1930களின் பொருளாதார மந்தத்தில் கூட்டம் சேர்க்கத் தியேட்டர்கள் கண்டுபிடித்த வழி அது. இரண்டு படம் ஓட்டினால் இருபது நிமிட நகைச்சுவைக்கு எங்கே நேரம்? நகைச்சுவை ஜோடியான லாரல், ஹார்டி நடித்த தனிக் குறும்படங்கள் 1935உடன் நின்றுபோயின. அவர்களை வளர்த்த தயாரிப்பாளர் ஹால் ரோச், சிறுவர்களை வைத்து 1922 முதல் எடுத்துவந்த ‘அவர் கேங்’ வரிசையை 1938இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்கு விற்றார். வீட்டுக்கு வீடு டிவி வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

ரீலை நிமிடமாக மாற்றுவது

‘டூ ரீலர்’ என்றால் இருபது நிமிடம் என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறோம். பேசும்படத்துக்கு அது ஏறக்குறைய சரி. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகம் (ஃபிரேம்). நொடிக்கு 24 சட்டகம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் வரும். ஊமைப்படத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. நொடிக்கு 16 சட்டகமாக ஓட்டினால் அதே ரீல் பதினாறு நிமிடத்தைத் தாண்டும். வேகம் படத்துக்குப் படம் மாறியது, தியேட்டருக்குத் தியேட்டரும் மாறியது. நெட்டில் கிடைக்கும் பிரதி எந்த வேகத்தில் மாற்றப்பட்டது என்று தெரியாமல், “அந்தக் காலத்து ஆட்கள் தடதடவென்று ஓடுவார்கள்” என்று எழுதாதீர்கள்.

எல்லா நகைச்சுவையும் இரண்டு ரீலுக்குள் அடங்கியதும் இல்லை. லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவைச் செங்குத்தான நீளப் படிக்கட்டில் ஏற்றப் பாடுபடும் ‘தி மியூசிக் பாக்ஸ்’ மூன்று ரீல். குறும்படங்களுக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்த முதல் வருடத்தில் நகைச்சுவைப் பிரிவின் பரிசு அதற்குத்தான் போனது. அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னும் இருக்கிறது. அதே படிகளில் 1927இலேயே ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஏறி இறங்கிய ‘ஹாட்ஸ் ஆஃப்’ என்ற படம் மட்டும் தொலைந்துவிட்டது.

ஒரு படத்துக்கு ஒரே வடிவம்தான் என்று நம்புவதும் இதோடு சேர்ந்த தவறு. டப்பிங் பழக்கத்துக்கு வராத 1930, 31இல், லாரலும் ஹார்டியும் தங்கள் படங்களை ஸ்பானிய மொழியிலும் தனியாக நடித்தார்கள். மொழி தெரியாது. கேமராவுக்கு வெளியே கரும்பலகையில் உச்சரிப்பை எழுதிவைத்துப் பார்த்துப் பேசினார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அவர்களுக்கு மவுசு அதிகம், மெயின் படமாகவே ஓடும். ஆகவே இரண்டு குறும்படக் கதைகளை ஒட்டி நீளமாக்கினார்கள். 1930இல் வந்த ‘நோசே தே துவெந்தெஸ்’ அப்படிப்பட்டது. எது அசல், எது நகல் என்ற கேள்விக்கே அங்கே பொருள் இல்லை.

முதல் பேசும்படம் என்ற பேச்சு

1927 அக்டோபரில் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தோடுதான் திரை பேச ஆரம்பித்தது என்று இன்னும் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே, 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் வார்னர் தியேட்டரில் ‘டான் ஹுவான்’ படத்துக்கு முன்னால் ஒரு குறும்பட வரிசை ஓடியது. சினிமா தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வில் ஹேஸ் திரையில் வந்து பேசினார். நியூயார்க் பில்ஹார்மானிக் வாசித்தது, ஆப்பரா பாடகர் மார்டினெல்லி பாடினார், மிஷா எல்மன் வயலின் வாசித்தார். மெயின் படத்தில் இசையும் ஒலிகளும் இருந்தன, வசனம் இல்லை. பேச்சும் பாட்டும் குறும்படங்களில்தான் இருந்தன.

அந்த முறைக்கு வைட்டஃபோன் என்று பெயர். ஒலி பிலிமில் இல்லை, தனியாக 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும்; ஊசி நடுவில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கி நகரும். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. சில தடவை ஓட்டினாலே தட்டு தேய்ந்துவிடும் என்பதால், எத்தனை முறை ஓட்டினோம் என்று குறித்துவைக்க லேபிளிலேயே கட்டங்கள் அச்சிட்டிருந்தார்கள். காலப்போக்கில் பிலிம் ஓர் ஊரில், தட்டு வேறோர் ஊரில் என்று பிரிந்துபோனது. 1991இல் தொடங்கிய வைட்டஃபோன் புராஜெக்ட் என்ற ஆர்வலர் குழு இந்த ஜோடிகளைத் தேடிச் சேர்த்துவருகிறது. ஆகவே ஒரு வைட்டஃபோன் படம் சத்தமில்லாமல் கிடைத்தால் ஊமைப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். தட்டு எங்காவது ஒரு பரணில் இருக்கலாம்.

நியூஸ் ரீலை அரசுப் படமாகப் படிப்பது

இது நம் ஆட்களுக்கே உரிய தவறு. 1948இல் தொடங்கிய, இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த நியூஸ் ரீலைத் தியேட்டர்கள் கட்டாயம் ஓட்ட வேண்டியிருந்தது, அதற்கு வாடகையும் கட்ட வேண்டியிருந்தது. “நியூஸ் போட்டுட்டானா?” என்று கேட்டுவிட்டு, வெளியே நின்று முறுக்கு தின்றுவிட்டு உள்ளே போனவர்கள் நாம். அதே கண்ணோடு அமெரிக்க நியூஸ் ரீலைப் பார்த்தால் குரலெல்லாம் அரசாங்கக் குரலாகக் கேட்கும். ஆனால் ஃபாக்ஸ் மூவிடோன், பாரமவுண்ட், பாதே, ஹெர்ஸ்ட், யுனிவர்சல் எல்லாமே தனியார். வாரத்துக்கு இரண்டு இதழ், ஒன்றுக்கொன்று போட்டி.

தனியார் என்றால் தைரியம் என்று அர்த்தமில்லை. 1937 மே 30 அன்று சிகாகோவில் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். பாரமவுண்ட் கேமராக்காரர் அங்கே இருந்து படமெடுத்தார். தியேட்டரில் கலவரம் வரும் என்று சொல்லி கம்பெனியே அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. செனட் குழு ஒன்று கேட்டு வாங்கிப் பார்த்தபிறகுதான் அது வெளியே வந்தது. தணிக்கை செய்தது அரசு இல்லை, வியாபார பயம்.

இன்னொன்று, 1935 முதல் 1951 வரை வந்த ‘தி மார்ச் ஆஃப் டைம்’ வரிசை. டைம் பத்திரிகைக் குழுமத்தின் தயாரிப்பு. மாதம் ஒன்று, இருபது நிமிடம். அதை நியூஸ் ரீல் என்று எண்ணி, காட்சிகளை வெட்டி ஆவணப்படத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பல காட்சிகள் நடிகர்களை வைத்து நடித்துக் காட்டப்பட்டவை. தயாரித்தவர்கள் இதை ஒளித்ததும் இல்லை.

பெயரை நம்பி ஏமாறுவது

எஜுகேஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பாடப் படங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கம்பெனியின் பிழைப்பு நகைச்சுவைப் படங்கள்தான். ஊமைப்பட நகைச்சுவை நட்சத்திரம் பஸ்டர் கீட்டன் தன் சரிவுக் காலத்தில் நடித்தது அங்கே, ஷெர்லி டெம்பிள் குழந்தையாகத் திரைக்கு வந்ததும் அங்கே. ‘அவர் கேங்’கும் ‘லிட்டில் ராஸ்கல்ஸ்’உம் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு: பழைய ரோச் படங்கள் 1955இல் டிவிக்குப் போனபோது, முதல் பெயரின் உரிமை எம்.ஜி.எம்.மிடம் இருந்ததால் இரண்டாவது பெயர் வந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

‘சவுண்டீஸ்’ என்ற மூன்று நிமிடப் பாட்டுப் படங்களைத் தியேட்டர் குறும்படங்களோடு சேர்த்துவிடுவார்கள். அவை தியேட்டருக்கே வந்தவை அல்ல. 1940களில் மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் வைத்திருந்த பேனரம் என்ற பெட்டியில் பத்து சென்ட் காசு போட்டால் ஓடியவை. பெட்டிக்குள் கண்ணாடி வழியாகப் படம் விழுவதால், பிரிண்டையே இடவலம் மாற்றித்தான் போட்டார்கள். பழைய சவுண்டி ஒன்றில் கிடார்காரர் இடக்கையால் வாசிப்பதைப் பார்த்தால் அவரைச் சந்தேகிக்காதீர்கள், பிரிண்டைச் சந்தேகியுங்கள்.

பழசுதானே, ஓசிதான் என்பது

சேனல் நடத்துகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். அமெரிக்காவில் அப்போது பதிப்புரிமை 28 வருடம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்திருந்தால் வெளியான நாளிலிருந்து 95 வருடம் வரை செல்லும். ஸ்டூஜஸின் 190 படங்களில் ‘டிஸ்ஆர்டர் இன் தி கோர்ட்’ உட்பட நான்கை மட்டும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். மலிவு டிவிடிகளில் திரும்பத் திரும்ப அந்த நான்கே வருவது அதனால்தான். அவற்றைப் பார்த்துவிட்டு மீதி 186உம் பொதுச்சொத்து என்று ஏற்றினால் உரிமைக்காரர் நோட்டீஸ் வரும். பயமில்லாமல் எடுத்தாள வேண்டுமானால் யுனிவர்சல் நியூஸ் ரீல்கள் இருக்கின்றன. 1929 முதல் 1967 வரை ஓடிய அந்த வரிசையை உரிமையோடு சேர்த்து அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பின்னணியில் ஏதாவது பாட்டு ஓடினால், அதன் உரிமையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.